மெர்லயனுக்கு முன்னால் ஒரு போட்டோ

"தர்மபுரியிலிருந்து வந்திருக்கும் மூத்த மிஷனரி தம்பதியரை அன்போடு வரவேற்போம்" என்று போதகர் மைக்கில் சொன்னதும் நான் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தேன். நம்ம ஊர்க்காரர் வேறு யாரோ வந்திருக்கிறார்கள், இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். வாத்தியார் முழங்கையால் இடித்தார். "எந்திரி, நம்மளத்தான் சொல்றாரு."

வாத்தியார் என்பது என் வீட்டுக்காரர். அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் ஊர் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன், அது நிலைத்துவிட்டது. நான் கிராம சுகாதார செவிலியர். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் துணை சுகாதார நிலையங்களிலேயே என் காலம் முடிந்தது. 2018 தொடக்கத்தில் பேத்தியைப் பார்க்கச் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். விசாவை நீட்டித்து எழுபது நாள் இருந்தோம். மகள் போகும் தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், நம் நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். அதற்கு ஆள் போதவில்லை, ஒத்தாசைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். சரி என்றோம். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போதகர் வைத்த பெயர்தான் மிஷனரி.

எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். காது சுட்டது. எங்கள் பக்கத்தில் மிஷனரி என்றால் அது பெரிய சொல். பாட்டி சொன்ன கதைகளில் வரும் துரைசானியம்மா மாட்டுவண்டியில் வந்து இறங்கி, சொறிபிடித்த குழந்தையைத் தன் மடியில் வைத்து மருந்து போடுவாள். பக்கத்துத் திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்களைப் பற்றி அப்பா பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், இருவரும் கதர் கட்டியவர்கள். என் காலத்திலேயே 1990-களின் தொடக்கத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு ரெஜி, லலிதா என்று ஒரு டாக்டர் தம்பதி வந்து ஓலைக்கொட்டகையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் யாரும் தங்களை மிஷனரி என்று சொல்லிக்கொண்டதாக நான் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு என் மனசில் இருந்த முகம் அவர்களுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை கரண்டி பிடிக்கிற நாங்கள் எங்கே, அவர்கள் எங்கே.

வாத்தியாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. "வாரத்துல ஆறு நாள் ஊர் சுத்துவோம், ஒரு நாள் ஊழியம். நல்ல ஏற்பாடு" என்றார். மறுநாளே சுற்றக் கிளம்பிவிட்டார்.

வரலாற்று வாத்தியாரோடு ஊர் சுற்றுவதில் ஒரு சங்கடம் உண்டு. கண்ணுக்கு முன்னால் கப்பல் மாதிரி கட்டடம் நிற்கும். அவர் அதைப் பார்க்காமல், அது நிற்கிற இடம் இருநூறு வருஷம் முன்னால் என்னவாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ரயில் நிலையத்தில் தமிழில் பெயர்ப்பலகை இருப்பதைப் பார்த்ததும் முதல் நாள் கண் கலங்கினார். இரண்டாம் நாளிலிருந்து ஒற்றுப்பிழை தேடத் தொடங்கினார். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது அதே 1965, அக்டோபர் 2. "நம்மளவிட 54 நாள்தான் மூத்தது" என்று மாப்பிள்ளையிடம், பேத்தியிடம், லிஃப்டில் பார்த்த சீனக் கிழவரிடம், எல்லாரிடமும் சொன்னார். பரப்பளவில் சிங்கப்பூர் சுமார் 720 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரி பிரிந்துபோன பிறகும் நம் மாவட்டம் 4,497. ஆறு சிங்கப்பூர் உள்ளே அடங்கும். "அப்புறம் ஏன் மாமா அங்கருந்து இங்க வர்றாங்க?" என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டார். அதற்கு வாத்தியாரிடம் தேதி எதுவும் இல்லை.

இன்னொரு கதையும் அங்கேதான் தெரிந்துகொண்டார். 1885-இல் சிங்கப்பூருக்கு மெத்தடிஸ்ட் மிஷனைக் கொண்டுவந்த வில்லியம் ஓல்டாம், பெங்களூரில் பிறந்தவர். நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். இரண்டு வருஷம் கழித்துச் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு பள்ளி தொடங்கினார். தமிழ் வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள். முதல் நாள் வந்தது ஒன்பது பெண் பிள்ளைகள். இன்று அந்நாட்டின் பேர்போன பெண்கள் பள்ளிகளில் ஒன்று அது. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டு, "பாத்தியா, மிஷனரின்னா வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு வர்றது மட்டுமில்ல. நம்ம பக்கத்துல பொறந்தவன் இங்க வந்திருக்கான்" என்றார். அவர் என்னைத் தேற்றுகிறார் என்று புரிந்தது.

தாவரவியல் பூங்காவில் ஒரு காலையில் எங்களை மாதிரியே ஒரு ஜோடியைப் பார்த்தோம். வயசான அமெரிக்கக் கணவன் மனைவி. சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. நிழலுக்காக ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. மார்மன் என்று வெளியில் சொல்லப்படும் சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சபையில் இதற்கு ஒரு முறையே இருக்கிறதாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில் ஆறு மாதமோ, ஒரு வருடமோ, அதற்கு மேலோ வெளிநாட்டில் ஊழியம் செய்யப் போகலாம். அலுவலகக் கணக்கு, ஆஸ்பத்திரிக்குத் துணை, தனியாக இருப்பவரோடு பேச்சு, இப்படி வயசுக்கு ஏற்ற வேலைகள். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் ஊர் பார்க்கவும் விடுவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அந்த நாள். வாத்தியார் தன் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, நாங்களும் மிஷனரி தம்பதி என்று கூச்சமில்லாமல் அறிமுகம் செய்துகொண்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, நீங்கள் என்ன ஊழியம் செய்கிறீர்கள் என்று கேட்டார். "சோறு போடுறோம்" என்றேன். வாத்தியார் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். நாங்கள் முதல் இரண்டு மாதம் என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம், சோறு போட ஆள் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது லிட்டில் இந்தியா. நம் பிள்ளைகளுக்குத் தேக்கா. சிராங்கூன் சாலையில் பூ, வெற்றிலை, ஊதுபத்தி எல்லாம் நம் ஊர் மணம்தான். மதியத்துக்குமேல் டாமிட்டரிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் பையன்கள் வந்து இறங்குவார்கள். புல் இருக்கிற இடமெல்லாம் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் போனில் பேசிக்கொண்டிருப்பான், இன்னொருவன் பக்கத்துப் பையனின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி ஒரு தமிழ்த் தொழிலாளி பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததும் கலவரம் வந்தது இங்கேதான். அதன்பிறகு மதுவுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். நாங்கள் பார்த்தபோது அங்கே சத்தத்தைவிட அசதிதான் அதிகம்.

சபையின் சாப்பாடு தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கூடத்தில். சாம்பார், கூட்டு, ஒரு முட்டை. நான் குழம்புக் கரண்டி, வாத்தியார் தண்ணீர் டம்ளர். மூன்றாவது ஞாயிறு வரிசையில் ஒரு தம்பி வந்து நின்றான். தட்டை வலக்கையில் மட்டும் பிடித்திருந்தான். குழம்பு ஊற்றும்போது "கொஞ்சமாங்கம்மா" என்று சொல்லி லேசாகச் சிரித்தான். நான் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன்.

"தம்பி, பென்னாகரம் பக்கமா நீ?"

அவன் பயந்துபோய்விட்டான். "எப்படிங்கம்மா தெரியும்?"

பல்லைப் பார்த்துத்தான். முன்பல்லில் குறுக்கே பழுப்புக் கோடு, ஓரத்தில் குழி. எங்கள் மாவட்டத்தில் வேலை பார்த்த எந்த நர்ஸும் அந்தப் பல்லைத் தப்பாகச் சொல்ல மாட்டாள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் கெடுதல். பாறைக்குள்ளிருந்து அது கரைந்து வருகிறது, கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஈறுக்குள் பல் உருவாகிற வயசில், எட்டு வயசுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்குப் பல்லில் கறை ஏறிவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அப்புறமும் குடித்துக்கொண்டே இருந்தால் எலும்பில் ஏறும், முட்டி மடங்காது. ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் எங்கள் ஊர்களுக்கு வந்தது 2013-இல். இவனுக்கு வயது 26. காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்பே இவன் பல் முளைத்துவிட்டது.

"சின்ன வயசுல போர் தண்ணிதான குடிச்சே?" என்றேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பல்லை மறைக்க எழுந்தது இடது கை. அதில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் கூட்டம் கலைந்தபிறகு அவன் சொன்னான். டெஸ்ட் அடித்து, அதாவது தொழில் திறன் தேர்வில் தேறி வந்தவன். ஏஜெண்டுக்குக் கட்டியது முழுக்க வட்டிக்கு வாங்கியது. ஒரு கம்பெனியில் கம்பி வெட்டுகிற மிஷினில் கை போயிற்று. ஐந்து மாதமாகிறது. இழப்பீட்டு வழக்கு நடக்கிறது. அது முடியும் வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தாளில் நாட்டில் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது. சம்பளம் கிடையாது. வார நாட்களில் டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டமைப்பு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக 2008-லிருந்து தேக்காவில் போட்டுவரும் இலவசச் சாப்பாடு. ஞாயிறு இங்கே.

"வீட்ல தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா. வேலைக்குப் போயிட்டிருக்கேன்னுதான் சொல்லிட்டிருக்கேன். வீடியோ போட மாட்டேன். நெட்டு கம்மின்னு சொல்லிருவேன்."

வட்டிக்கு என்ன செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். வாத்தியார் என் காலை மிதித்தார்.

அடுத்த ஞாயிறு களி செய்துகொண்டு போவது என்று முடிவு செய்தேன். ராகி மாவு ஊரிலிருந்து இரண்டு கிலோ கொண்டுவந்திருந்தேன். துடுப்பு இல்லை. சப்பாத்திக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கிண்டினேன். மகள் வீட்டுப் பாத்திரம் வழுக்கிக்கொண்டே போனது. பாத்திரத்தை மாப்பிள்ளை இரண்டு கையாலும் துணி வைத்துப் பிடிக்க, நான் கிண்ட, பேத்தி கைதட்ட, ஒருவழியாக உருண்டை விழுந்தது. தேக்கா மார்க்கெட்டில் கிடைத்த முளைக்கீரையைக் கடைந்து, கொள்ளுச்சாறும் வைத்தேன். ரயிலில் சாப்பிட்டால் 500 டாலர் அபராதம் என்று எழுதியிருப்பதைப் படித்த வாத்தியார், ஹாட்பேக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது ஸ்டேஷனும் மூடியின்மேல் கையை அழுத்தியபடி வந்தார். மணம் வெளியே போனாலே பிடித்துவிடுவார்கள் என்று பயம்.

அந்தத் தம்பி களியைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. குழி பறித்து, கீரையை ஊற்றி, பிட்டுத் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினான். நம் பக்கம் களியை மெல்லுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அரை உருண்டை முடிந்தபிறகுதான் தலை நிமிர்ந்தான். "அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க எல்லா எடமும் சுத்திப் பாக்கறீங்களே. சிங்கத்துகிட்ட போனீங்களா?"

மெர்லயனைத்தான் சொன்னான். மூன்று வருஷமாக இந்த ஊரில் இருக்கிறான். டாமிட்டரி, லாரி, சைட், தேக்கா தவிர எதுவும் பார்த்ததில்லை. "ஊருக்குப் போனா சிங்கம் பாத்தியான்னு கேப்பாங்க. அங்க நின்னு ஒரு போட்டோ இருந்தா அம்மாவுக்கு அனுப்பலாம். வேலைக்குப் போறவன்னு தெரியும்" என்றான்.

எங்கள் எழுபது நாளில் நான் ஊர் பார்த்தேன் என்று சொன்னால் அது அந்த ஒரு புதன்கிழமைதான். அவனுக்கு வேலை இல்லை, எங்களுக்கும் இல்லை. மூன்று பேரும் கிளம்பினோம்.

முதலில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். வாத்தியார் தம்பிக்குப் பாடம் எடுத்தார். 1819-இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கே வந்தபோது கூட வந்தவர்களில் நாராயண பிள்ளை என்ற தமிழர் ஒருவர். முதல் செங்கல் சூளை போட்டவர், 1827-இல் மாரியம்மன் கோயில் கட்டியவர். 1825-லிருந்து நம் நாட்டுக் கைதிகளைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தார்கள். ரோடு போட்டதும் பாலம் கட்டியதும் அவர்கள். 1862-இல் பிரதிஷ்டையான இந்தப் பேராலயமும் கைதிகள் கட்டியதுதான். வெள்ளை வெளேரென்ற சுவரைக் காட்டி, "இதுக்கு மெட்ராஸ் சுண்ணம்னு பேரு" என்றார். சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. எங்கள் தாத்தா வீட்டுக்குக் கடுக்காயும் வெல்லமும் போட்டு அரைத்த சுண்ணாம்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது வேறு பக்குவம், ஆனால் கைவேலை அதேதான்.

தம்பி பேராலயத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கத்தில் போய் நின்று மூன்று விரலால் தடவினான். "லெவல் சுத்தமா இருக்குங்கய்யா. சாரம் எப்படிக் கட்டியிருப்பாங்க?" என்றான். வாத்தியாருக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாள் அவர் சொன்ன கதையில் தேதி இருந்தது, ஆளுநர் பெயர் இருந்தது. சாரம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார்.

சாயந்திரம் மெரினா அணைக்கட்டுக்குப் போனோம். கடல் வாய்க்கு நடுவே அணை கட்டி, உப்புத்தண்ணீரை வெளியே தள்ளி, உள்ளே நன்னீர் ஏரியாக்கியிருக்கிறார்கள். 2008-இல் திறந்தது. தீவில் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழை இதற்குள்தான் வந்து விழுகிறது. கழிவுநீரையும் சுத்திகரித்துக் குடிநீராக்குகிறார்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1962-இல் போட்ட ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. அதற்காக இப்போதே இத்தனை ஏற்பாடு. தம்பி அணையின்மேல் சாய்ந்து நின்று, "நமக்கு ஆறு வாசல்லயே ஓடுச்சு. குடிக்கத்தான் இல்ல" என்றான். ஒகேனக்கல் அருவிச் சத்தம் கேட்கிற தூரத்திலேயே வளர்ந்தவன் அவன். நான் அவன் பல்லைப் பார்த்தேன். அன்று அவன் வாயைப் பொத்தவில்லை.

விளக்கு போட்டபிறகு மெர்லயன். 1972-இல் வைத்த சிலை, 8.6 மீட்டர் உயரம், சிங்கத் தலையும் மீன் உடம்புமாக வாயிலிருந்து தண்ணீரை அந்த நன்னீர் ஏரிக்குள் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. கூட்டம் தாங்கவில்லை. அவன் பையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்து, பனியனுக்குமேல் போட்டுக்கொண்டான். அப்புறம் தயங்கினான். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையில் விட்டான், எடுத்தான், பின்னால் கட்டினான்.

"இங்க வாடா" என்று வாத்தியார் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "உங்கையி எம்முதுகுக்குப் பின்னால இருக்கட்டும்." அவன் அவரை அணைத்தபடி நின்றான். விரல் இல்லாத கை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நான் நான்கு படம் எடுத்தேன். மூன்றில் சிங்கத்தின் தலை வெட்டுப்பட்டிருந்தது. நான்காவது நன்றாக விழுந்தது.

"அனுப்பிரட்டுமா உங்கம்மாவுக்கு?"

"அம்மாவுக்குப் பட்டன் போனுங்கம்மா. ஊருக்குப் போறப்போ பிரிண்ட் போட்டு நீங்களே குடுத்திருங்க. பக்கத்து வீட்டுப் பையன் போன்ல படத்தக் காட்டுனா நம்ப மாட்டாங்க. நீங்க என்னை நேர்ல பாத்ததா சொன்னா நம்புவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "கைய பத்திச் சொல்லிராதீங்கம்மா" என்றான்.

"நானாச் சொல்ல மாட்டேன்" என்றேன். அந்த "நானா" என்ற சொல்லை நான் தெரிந்தேதான் போட்டேன்.

ஏப்ரலில் ஊர் திரும்பினோம். படத்தைத் தர்மபுரியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டோம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில் உள்ளே பிரியும் ஊர். பஸ் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். புளி சீசன். வீட்டுத் திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைக் கத்தி முனையால் நெம்பித் தள்ளுகிற வேலை. விரல் நுனியெல்லாம் கறுத்து, வெடித்து இருந்தது. எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த பெண்தான் அவன் அம்மா. நான் இருந்த துணை நிலையத்துக்கு என்றோ வந்திருக்கக்கூடும். இந்த மாதிரி முட்டிகளுக்கு நான் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

படத்தைக் கொடுத்தோம். முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு ஓரத்தில் பிடித்து வாங்கினாள். சிங்கத்தை ஒருதடவை பார்த்தாள். மகனை வெகுநேரம் பார்த்தாள். மற்றப் பெண்களிடம் படம் போய் வந்தது. சட்டை நல்லா இருக்கு, சதை போட்டிருக்கான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். திரும்ப அவள் கைக்கு வந்ததும் இன்னொருமுறை பார்த்தாள்.

"ஐயாவ இப்புடிக் கட்டிப் புடிச்சிருக்கான். எம்மவன் யாரையும் தொட்டுப் பழக மாட்டானே." என்னைப் பார்த்தாள். "இந்தக் கைக்கு என்னம்மா ஆச்சு?"

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். ஏதோ சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று தெரிந்தது. நான் இடம் கொடுக்கவில்லை. பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது என்று எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். சுற்றிச் சொல்வது இரக்கம் இல்லை என்பதைத்தான் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

"ரெண்டு விரல் போயிருச்சும்மா. மோதிர விரலும் சுண்டு விரலும். மிஷின்ல. புண்ணு ஆறிருச்சு. நான் நர்ஸு, கையைப் பிரிச்சுப் பாத்தேன். நல்லா ஆறியிருக்கு."

திண்ணையில் கத்திச் சத்தம் நின்றது.

"எந்தக் கை?"

"இடது."

"சோத்துக் கை இல்லியே" என்றாள். இரண்டு தரம் சொன்னாள். படத்தைத் திண்ணைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். உட்கார்ந்து மறுபடி புளி தட்ட ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. கூலி கிலோ கணக்கில்.

நாங்கள் கிளம்பும்போது மஞ்சள் பையில் புளி கட்டிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி தம்பிக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். "ஏம்மா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். பத்து நாள் நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. அப்புறம் அவனே பேசினான். பக்கத்து வீட்டுப் பையன் போனில் வீடியோ போட்டானாம். அம்மா கையைக் காட்டச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தாளாம். "இப்ப தெனமும் வீடியோதாங்கம்மா. சாப்பிட்டியா, அந்தக் கையால தட்ட புடிச்சுக் காட்டுங்குது" என்றான். அந்த வருஷம் நவம்பரில் இழப்பீடு கைக்கு வந்து ஊர் திரும்பினான். வட்டிக்கடன் அடைந்தது. மிச்சத்தில் இரண்டு கறவை மாடு வாங்கினான். மூன்று விரலால் பால் கறக்கலாமா என்று கேட்டேன். மாடு விரலை எண்ணுவதில்லை என்றான்.

எங்கள் ஊர்ச் சபையில் வெளிநாட்டு ஊழிய அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னீர்கள் என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வாத்தியார் பேராலயச் சுண்ணாம்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். இந்த முறை சாரத்தையும் சேர்த்துப் பேசினார். என் முறை வந்தபோது, ஒரு போட்டோவை ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த அம்மா கட்டிக்கொடுத்த புளி அடுத்த பொங்கல் வரை வந்தது.